பழைய தேதி கண்டு அஞ்சற்க

கணினியின் டிரைவர்களை எத்தனை மாதங்களுக்கு ஒருமுறை புதுப்பிப்பது என்று இல்லத்தார் சிலர் நம்மை வினவுகின்றனர். அச்சுப்பொறி, ஒலிபெருக்கி, திரை முதலியவற்றுக்கும் விண்டோசுக்கும் இடையே நின்று பேசும் மென்பொருளே டிரைவர். அதற்கு நாள்கணக்கு கிடையாது. கருவி குறையின்றி இயங்குகிறதெனில் தொடாதிருப்பதே நன்று.

டிரைவரின் தேதி 2006 எனக் கண்டு பதறி, திரையில் தோன்றிய விளம்பரத்தை நம்பி, ஓய்வூதியத்திலிருந்து பணம் கட்டிய பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். அப்பணம் வீணே! விண்டோசுடன் வரும் டிரைவர்கள் பலவும் 2006 ஜூன் 21 என்ற தேதியையே தாங்குகின்றன. மைக்ரோசாப்ட் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது; கருவியை உருவாக்கியோர் தனியே தரும் டிரைவரை, பிந்திய தேதி காரணமாக விண்டோசின் பொது டிரைவர் அகற்றிவிடலாகாது அல்லவா? இன்டெல் நிறுவனமோ தன் சிப்செட் டிரைவர்கள் சிலவற்றுக்குத் தான் பிறந்த நாளையே, அதாவது 1968 ஜூலை 18-ஐயே, இட்டுள்ளது. டிரைவரின் வயதை அறியப் பதிப்பு எண்ணையே பார்க்க வேண்டும்.

பாதுகாப்புக் குறையை நீக்கும் திருத்தம் வந்தால் மட்டும் தாமதியாது ஏற்றுக. கிராபிக்ஸ் கார்டுக்கு அடிக்கடி வரும் புதிய டிரைவர்கள் பெரும்பாலும் புது விளையாட்டுகளுக்கானவை. கடிதம் எழுதுவோருக்கு அவற்றால் பயன் சிறிதே. விண்டோஸ் அப்டேட்டும், கணினி செய்தோரின் இணையதளமும் விலையின்றியே தருகின்றன. புதியதை ஏற்றியபின் ஒலி நின்றுவிட்டால், டிவைஸ் மேனேஜரில் அக்கருவியைத் திறந்து 'ரோல் பேக் டிரைவர்' பொத்தானை அழுத்துக, முந்தையது மீளும்.