பால்புதுமையருக்கு உழைக்கும் தொண்டு அமைப்புகள்: அரசு மானியம் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை?

வீட்டிலிருந்து துரத்தப்பட்ட ஒரு திருநங்கைக்குத் தங்க இடம் கொடுக்கும் அமைப்பு, மத்திய அரசிடம் மானியம் கேட்கலாம். தன்பாலீர்ப்பு ஆண்களிடையே எச்ஐவி தடுப்புப் பணி செய்யும் அமைப்புக்கும் அரசு நிதி உண்டு. ஆனால், கட்டாயக் கல்யாணத்துக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடிவரும் இரண்டு பெண்களுக்கு அடைக்கலம் கொடுக்கும் அமைப்புக்கு? அவர்களை மனதில் வைத்து எழுதப்பட்ட மானியத் திட்டம் எதுவும் இல்லை.

இந்த மூன்று வேலையையும் ஒரே அமைப்பு, ஒரே வாடகைக் கட்டடத்தில் செய்யலாம். கதவைத் தட்டுகிறவர்களின் தேவையும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஒரு படுக்கை, சாப்பாடு, ஒரு வக்கீல், கொஞ்சம் நிம்மதி. ஆனால் கோப்பில் அவர்கள் வேறு வேறு தலைப்பில் வருகிறார்கள். சிலருக்குத் தலைப்பே கிடையாது. நடைமுறையில் 'தகுதி' என்பது இந்தத் தலைப்பைப் பொறுத்த விஷயமாகிவிட்டது.

சட்டம் தடுக்கிறதா?

இல்லை. பால்புதுமையருக்காக ஓர் அமைப்பைத் தொடங்க எந்தச் சட்டமும் தடையில்லை. ஆனால் பயம் இருந்தது. 2001-ல் லக்னோவில் எச்ஐவி தடுப்புப் பணி செய்த தொண்டு அமைப்பு ஊழியர்கள் நான்கு பேர், இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவைக் காட்டிக் கைதுசெய்யப்பட்டு 47 நாட்கள் சிறையில் இருந்தார்கள். ஆணுறை கொடுத்ததும் விழிப்புணர்வுப் புத்தகம் வைத்திருந்ததும்கூடக் குற்றத்துக்குத் துணைபோனதாகப் பார்க்கப்பட்ட காலம் அது.

2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயதுவந்தோர் சம்மதத்துடன் கொள்ளும் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. அதன்பிறகு அமைப்புகள் வெளிப்படையாகப் பெயர் வைத்துக்கொள்ள முடிகிறது. ஆனால் 'குற்றமில்லை' என்பது ஒன்று, 'அரசு உதவும்' என்பது வேறொன்று. முதலாவது வந்துவிட்டது. இரண்டாவது பாதிதான் வந்திருக்கிறது.

என்னென்ன காகிதம் வேணும்?

திருநெல்வேலியிலோ, கொற்கை பக்கம் ஏரலிலோ ஏழு பேர் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அரசு மானியத்துக்கு விண்ணப்பிக்கும் முன் அவர்கள் தாண்ட வேண்டிய படிகள் இவை:

- சட்டப் பதிவு: தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் சங்கமாகவோ, பொது அறக்கட்டளையாகவோ, கம்பெனிகள் சட்டத்தின் 8-வது பிரிவின் கீழ் லாப நோக்கற்ற நிறுவனமாகவோ பதிவு செய்ய வேண்டும். சங்கத்துக்குக் குறைந்தது ஏழு பேர்.
- பான் எண்ணும் வங்கிக் கணக்கும் அமைப்பின் பெயரில் இருக்க வேண்டும்.
- தர்பண் எண்: நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்பண் தளத்தில் பதிந்து தனி அடையாள எண் வாங்க வேண்டும். மத்திய அமைச்சகங்களின் மானியத்துக்கு இது இல்லாமல் கதை நகராது.
- வருமான வரிப் பதிவு: 12ஏபி இருந்தால் அமைப்பின் வருமானத்துக்கு வரிவிலக்கு. 80ஜி இருந்தால் நன்கொடை தருகிறவருக்கு வரிச் சலுகை.
- தணிக்கை செய்த கணக்கு: பல திட்டங்களில் முந்தைய மூன்று ஆண்டுகளின் கணக்கைக் கேட்கிறார்கள்.

பணம் வந்த பிறகும் வேலை முடியாது. மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2017-ன்படி நிதியாண்டு முடிந்து 12 மாதங்களுக்குள் பயன்பாட்டுச் சான்றிதழ் தர வேண்டும். அதே வேலைக்கு வேறு துறையிடமும் மானியம் வாங்கவில்லை என்று உறுதி சொல்ல வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாத் தொண்டு அமைப்புக்கும் பொது. பொதுமக்களின் வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்பதில் தப்பில்லை. சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, பால்புதுமையர் குழுக்களில் பல, வாட்ஸ்அப் குழுவாகவும் ஒரு தோழியின் வீட்டு மாடியாகவும் இயங்குபவை. பதிவுப் பத்திரத்தில் பெயரும் முகவரியும் கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் உள்ளவர்கள் அவற்றை நடத்துகிறார்கள். இரண்டாவது, எல்லாக் காகிதமும் சரியாக இருந்தாலும், 'யாருக்காக வேலை செய்கிறீர்கள்?' என்ற கட்டத்தில் நிரப்ப ஏற்ற சொல் இருக்க வேண்டும்.

பணம் எந்த வழியில வருது?

இன்றைக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, சமூக நீதி. மத்திய சமூக நீதி அமைச்சகம் 2022 பிப்ரவரி 12 அன்று 'ஸ்மைல்' திட்டத்தைத் தொடங்கியது. 2021-22 முதல் 2025-26 வரையான காலத்துக்கு 365 கோடி ரூபாய் ஒதுக்கீடு. திருநர் மறுவாழ்வு, யாசகம் செய்வோர் மறுவாழ்வு என இரண்டு பிரிவுகள். திருநர் பிரிவில்தான் 'கரிமா கிரே' என்ற தங்குமிடங்கள் வருகின்றன. ஒரு இல்லத்தில் குறைந்தது 25 பேருக்கு இடம், சாப்பாடு, மருத்துவம், தொழிற்பயிற்சி. இவற்றை நடத்துவது அரசு அல்ல, சமூக அமைப்புகள். முதல் இல்லம் 2020 நவம்பரில் குஜராத்தின் வடோதராவில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் தேர்வான 12 இல்லங்களில் சென்னையும் உண்டு.

தகுதி கிடைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? அதுவும் இல்லை. 2022, 2023 ஆண்டுகளில் மத்திய நிதி மாதக்கணக்கில் வராமல், பல கரிமா கிரே இல்லங்கள் வாடகைக்கும் அரிசிக்கும் திண்டாடியது செய்திகளில் வெளியானது. அரசின் பெயர்ப் பலகையை மாட்டிக்கொண்டு, கடன் வாங்கி நடத்திய இல்லங்கள் அவை.

இரண்டாவது வழி, சுகாதாரம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு, மாநிலச் சங்கங்கள் வழியாக 'இலக்கு சார்ந்த இடையீடு' என்ற பெயரில் தொண்டு அமைப்புகளுக்கு நிதி தருகிறது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு 1994-ல் உருவான மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்துடையது. பாலியல் தொழிலாளர்கள், ஆண்களுடன் உறவுகொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், ஊசி மூலம் போதை எடுப்போர் போன்றோர் இதில் வருகிறார்கள். 2021 முதல் 2026 மார்ச் வரையான ஐந்தாம் கட்டத்துக்கு மொத்த ஒதுக்கீடு 15,471.94 கோடி ரூபாய். பால்புதுமையர் அமைப்புகள் பலவற்றை இத்தனை ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்தது இந்த நிதிதான்.

ஆனால் இதில் ஒரு விலை இருக்கிறது. ஓர் ஆண் இந்தக் கணக்கில் வருவது மனிதராக அல்ல, தொற்று ஆபத்துள்ளவராக. எத்தனை பேரைச் சந்தித்தீர்கள், எத்தனை பரிசோதனை, எத்தனை ஆணுறை என்பதற்குக் கட்டம் உண்டு. தற்கொலை எண்ணத்தோடு நள்ளிரவில் போன் செய்த பையனோடு இரண்டு மணி நேரம் பேசியதற்குக் கட்டம் கிடையாது.

மூன்றாவது வழி, மாநில அரசு. நாட்டிலேயே முதல் திருநங்கைகள் நல வாரியத்தை 2008 ஏப்ரல் 15 அன்று அமைத்தது தமிழ்நாடு. அந்தப் பெருமையை யாரும் மறுக்க முடியாது. சுயதொழிலுக்கு 50,000 ரூபாய் வரை மானியம், 40 வயதைத் தாண்டியவர்களுக்கு மாதம் 1,500 ரூபாய் ஓய்வூதியம், அரசு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் என்று உதவிகள் நீள்கின்றன. ஆனால் இவை பெரும்பாலும் தனிநபருக்குப் போகிற பணம். அமைப்புக்கு அல்ல.

இதற்கு நடுவில் புதுசாக ஒரு பாதையைப் போட்டுக்காட்டியது தூத்துக்குடி மாவட்டம். கோவில்பட்டி அருகே மந்தித்தோப்பில் 2020-ல் திருநங்கைகளுக்கென்றே ஒரு பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. வீடு, மாடு, கடன் மூன்றையும் மாவட்ட நிர்வாகம் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தது. மானியம் கேட்டு நிற்கும் தொண்டு அமைப்பாக இல்லாமல், கூட்டுறவுச் சட்டத்துக்குள் தகுதி பெற்ற ஒரு தொழில் அமைப்பாக அவர்கள் நின்றார்கள். கலெக்டரும் சமூகமும் ஒரே பக்கம் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி. கலெக்டர் மாறினால் என்ன ஆகும் என்ற கேள்வியும் கூடவே இருக்கிறது.

அப்போ விடுபடுறது யாரு?

தன்பாலீர்ப்புப் பெண்கள். இருபாலீர்ப்புப் பெண்கள். ஓரளவுக்குத் திருநம்பிகளும். 2019-ம் ஆண்டு திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் திருநம்பிகளையும் உள்ளடக்குகிறது. ஆனால் 'திருநங்கை' என்ற சொல்லைச் சுற்றியே கட்டப்பட்ட நலத்திட்டங்களில் அவர்களைத் தேடத்தான் வேண்டியிருக்கிறது. பெண்களுக்கோ சமூக நீதிக் கணக்கிலும் இடமில்லை, எய்ட்ஸ் கணக்கிலும் இடமில்லை.

இது காகிதக் கவலை இல்லை என்பதை ஒரு வழக்கு காட்டியது. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்கள், தொண்டு அமைப்புகளின் உதவியோடு தங்கினார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடி வந்தது. அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவு, நாடு முழுக்கப் பேசப்பட்டது. சம்மதமுள்ள வயதுவந்தவர்கள் என்று தெரிந்தால் புகாரை முடித்துவைக்க வேண்டும், தொல்லை தரக் கூடாது என்று போலீசுக்குச் சொன்னது. பால்புதுமையர் பிரச்சினையைக் கையாளும் அனுபவமுள்ள தொண்டு அமைப்புகளின் பட்டியலை எட்டு வாரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்கும் உத்தரவிட்டது.

இதன் பொருளைக் கவனிக்க வேண்டும். சிக்கலில் இருப்பவரை எங்கே அனுப்புவது என்ற கேள்விக்கு நீதிமன்றமே காட்டிய இடம் தொண்டு அமைப்புதான். ஆனால் பட்டியலில் பெயர் இருப்பது வேறு, அந்த அமைப்பின் வாடகையை யார் கட்டுவது என்பது வேறு. பொறுப்பைக் கொடுத்தாகிவிட்டது. பணம் கொடுக்கும் வழி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

தமிழ்நாடு 2025-ல் மாநிலக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. பெயரே சொல்வதுபோல, அது திருநருக்கானது.

வெளிநாட்டு நிதி வாங்கிக்கலாமே?

பலரும் கேட்கும் கேள்வி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு பெற, அமைப்புக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும். மூன்று ஆண்டுகளில் குறைந்தது 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். ஏரல் குழுவுக்கு அது எட்டாக் கனி. முன்பெல்லாம் சென்னையிலோ டெல்லியிலோ உள்ள பெரிய அமைப்பு வெளிநாட்டு நிதியை வாங்கி, சின்ன ஊர்க் குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடிந்தது. 2020 சட்டத்திருத்தம் அந்த வாய்க்காலை அடைத்துவிட்டது. நிர்வாகச் செலவு வரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆகக் குறைந்தது. அமைப்புகளுக்கு இந்த வரம்பு நெருக்கடிதான்.

தவிர, அடுத்த நாட்டுப் பணம் அடுத்த நாட்டு அரசியலோடு வரும். 2025 ஜனவரியில் அமெரிக்க அதிபர் டிரம்ப் வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும், ஐதராபாத்தில் 2021 முதல் இயங்கிய, நாட்டின் முதல் திருநர் மருத்துவமனையான மித்ர் கிளினிக் மூடப்பட்டது. அமெரிக்காவுக்குள்ளேயே பால்புதுமையர் அமைப்புகளின் மானியத் தகுதி ஓர் உத்தரவால் கேள்விக்குள்ளாகி, சான்பிரான்சிஸ்கோ எய்ட்ஸ் அறக்கட்டளை உள்ளிட்ட அமைப்புகள் நீதிமன்றம் போய்த் தற்காலிகத் தடை வாங்க வேண்டியிருந்தது. தகுதி என்பது சட்டத்தில் எழுதப்படாமல் ஆட்சியாளரின் மனசில் இருந்தால் இதுதான் கதி.

தாமிரபரணிக் கரையில்

தென்கோடியிலிருந்து பார்த்தால் இன்னொரு தூரமும் தெரியும். தங்குமிடங்கள் எல்லாம் பெருநகரத்தில். மாநில அரசு தொடங்கிய 'அரண்' இல்லங்களும் சென்னை, மதுரையில்தான். திருநெல்வேலியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். கையில் காசில்லாமல், போனைப் பிடுங்கிக்கொண்ட நிலையில் வீட்டை விட்டு வெளியேறும் ஒருவர் முதலில் வந்து நிற்பது வண்ணார்பேட்டையிலோ புதிய பஸ் ஸ்டாண்டிலோதான். அந்த முதல் இரவுக்கு உதவ, ஊரிலேயே ஒரு அமைப்பு வேண்டும். மதுரை வரைக்கும் பத்திரமாக அனுப்பிவைக்கக்கூட யாராவது வேண்டுமல்லவா?

என்ன செய்யணும்?

'ஏற்கெனவே பெண்கள் விடுதிகள் இருக்கே, தனியா எதுக்கு?' என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. மிஷன் சக்தி திட்டத்தில் ஒன்-ஸ்டாப் சென்டர்களும் சக்தி சதன் இல்லங்களும் இருக்கின்றன. புதுக் கட்டடம் தேவையில்லை, உண்மைதான். ஆனால் குடும்பத்துக்குப் பயந்து வந்த பெண்ணை, 'அப்பா அம்மாகிட்ட பேசிப் பாரும்மா' என்று திருப்பி அனுப்பாத ஊழியர் வேண்டும். அந்தப் பயிற்சியைத் தர சமூக அமைப்புகளால்தான் முடியும். அதற்கு அவர்களுக்குப் பணம் வேண்டும்.

ஸ்மைல் திட்டமும் எய்ட்ஸ் கட்டுப்பாட்டின் ஐந்தாம் கட்டமும் 2026 மார்ச் வரைக்குமாக வகுக்கப்பட்டவை. அடுத்த சுற்று விதிகளில் நான்கு மாற்றங்கள் போதும். ஒன்று, பயனாளிகள் பட்டியலில் திருநருடன் 'பாலீர்ப்புச் சிறுபான்மையினர்' என்ற சொல்லையும் சேர்ப்பது. இரண்டு, சக்தி சதன் விதிகளில் தன்பாலீர்ப்புப் பெண்களுக்கும் இடம் உண்டு என்று வெளிப்படையாக எழுதுவது. மூன்று, மூன்றாண்டு தணிக்கைக் கணக்கு இல்லாத சிறு குழுக்களுக்கு, மாவட்ட ஆட்சியர் வழியாக, கணக்குக் கேட்டு, சிறு மானியம் தருவது. நான்கு, ஒப்புக்கொண்ட தவணையைத் தேதி தவறாமல் விடுவிப்பது.

2024 ஏப்ரலில் மத்திய அரசு, அமைச்சரவைச் செயலர் தலைமையில் குழு அமைத்தது. அதே ஆண்டு, சேர்ந்து வாழ்வோருக்கு ரேஷன் கார்டிலும் கூட்டு வங்கிக் கணக்கிலும் பாகுபாடு கூடாது என்று சுற்றறிக்கைகள் வந்தன. இரண்டு பெண்கள் ஒரே குடும்பமாக ரேஷன் வாங்கலாம் என்று ஏற்கும் அரசு, அவர்களைக் காப்பாற்றும் அமைப்பையும் ஏற்பதில் தயங்கக் காரணமில்லை. அதற்கு மானிய விதிகளில் ஒரு வரியைச் சேர்த்தால் போதும்.