கணக்குக் கேட்கும் ஊரே நல்லாட்சி பெறும்

ஊராட்சிப் பணிகள் விரைவும் திறமும் பெறல் வேண்டும் என்னும் பேச்சு எழுந்தவுடன், மேலும் சில கணினிகளையும் படிவங்களையும் கேட்பதே அலுவலர் வழக்கமாக உள்ளது. கருவிகள் வேண்டா என்பதன்று நம் கருத்து. யாருக்குக் கணக்குக் காட்டுவது என்னும் வினாவுக்கு விடையில்லாத இடத்தில் எக்கருவியும் பயன் தாராது என்பதே நாம் கூறுவது.

இதனை நம் முன்னோர் அறிந்திருந்தனர். முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொன்னுக்கும் தனித்தனி வாரியம் வகுத்து, பொறுப்புக் காலத்தை 360 நாள் என வரையறுத்தன. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் குடவோலைக்குத் தகுதியிழந்தனர். நிலமும் மறைக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அவ்வவையில் இடமிருந்தது. அவ்வேலியை நாம் போற்றோம். கணக்குக் காட்டாதவனுக்குப் பொறுப்பில்லை என்னும் அறத்தையே போற்றுகின்றோம்.

இக்கால நிலை என்ன? 1993-இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73-ஆம் திருத்தம், ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தலை நடத்தி முடிக்கக் கட்டளையிடுகின்றது. தமிழ்நாட்டிலோ, 2016-இல் காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 திசம்பரிற்றான், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும், தேர்தல் நடந்தது. எஞ்சிய 9 மாவட்டங்கள் 2021 வரை காத்திருந்தன. முன்னவை 2025 சனவரியில் காலம் முடிந்து மீண்டும் தனி அலுவலர் கைக்கே சென்றன. பற்பல ஊர்களுக்கு ஓர் அலுவலர் என்றால், தெருக்குழாயில் நீர் வாராத நாளில் முறையிட ஊரில் யார் உளர்?

மற்றொன்று மொழி. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956-இலேயே இயற்றப்பெற்றது. எனினும் சாலைப்பணி மதிப்பீடு 'எசுடிமேட்டு' எனவும், செலவுச் சீட்டு 'வவுச்சர்' எனவும், ஊரார் படிக்கவியலாத ஆங்கிலத் தாள்களில் இன்றும் பலவிடங்களில் உறங்குகின்றன. படிக்கவியலாத கணக்கு, காட்டாத கணக்கே!

அன்பர்களே! தலைவர் இல்லாத காலத்தும் ஊரவை உண்டு. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகத்து 15, அக்தோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் தவறாது செல்லுங்கள். வரவு செலவைத் தமிழில் படிக்கச் சொல்லுங்கள். கொடுத்த முறையீட்டுக்கு நாளிட்ட ஒப்புகைச் சீட்டுக் கேளுங்கள். எழுதாத தாளில் கையொப்பமிட மறுத்து, தீர்மானத்தை முழுதும் படித்த பின்னரே ஒப்பமிடுங்கள். காலம் தாழ்த்தாது தேர்தல் நடத்துக என ஒவ்வோர் ஊரவையிலும் தீர்மானம் இயற்றுங்கள். கேட்கும் கடமையை ஊர் மறந்தால், காட்டும் கடமையை அலுவலகமும் மறக்கும்.