ஜாடியைக் கெடுப்பது கை அல்ல

மாதவிடாய் நாட்களில் பெண்கள் ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது, தொட்டால் கெட்டுப்போகும் என்று சொல்லக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் நம்மூரில் குறைவு. சேரி ஆள் தொட்ட சோறு தீட்டு என்பதும் அதே சமையலறைகளில் கற்றுத் தரப்பட்ட பாடம்தான். ஒன்று பெண்ணை ஒதுக்குகிறது, இன்னொன்று ஒரு சமூகத்தையே ஒதுக்குகிறது. இரண்டும் சொல்வது ஒன்றைத்தான்: உணவு கெடுவது தொடுகிற கையால்.

இது பொய் என்று காட்டப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. வீட்டில் ஒரு ஜாடி மிளகாயைப் புளிக்கவைத்து சாஸ் செய்து பார்த்தாலே போதும்.

பழுத்த சிவப்பு மிளகாய் ஒரு கிலோ வாங்குங்கள். வற்றல் வேண்டாம். கழுவி, ஈரம் போகத் துடைத்து, காம்பைக் கிள்ளி, ஒரு கைப்பிடி பூண்டோடு கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். மொத்த எடையில் நூற்றுக்கு மூன்று பங்கு, அதாவது கிலோவுக்கு 30 கிராம் கல் உப்பு. இதில் கண்ணளவு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். சுத்தமான கண்ணாடி ஜாடியில் முக்கால் பங்குக்கு அழுத்தி நிரப்பி, வாயு வெளியேறும்படி மூடியைத் தளர்வாக வையுங்கள். நம்மூர் வெக்கையில் இரண்டு மூன்று நாளில் குமிழி கிளம்பும். மேலே எழும்பி வருவதைத் தினமும் சுத்தமான, ஈரமில்லாத கரண்டியால் கிளறி அழுத்திவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்து, கொஞ்சம் வினிகர் சேர்த்து நைசாக அரைத்து வடிகட்டி, ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம்.

புளிக்கவைப்பது யார்? மிளகாயின் தோலிலேயே இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். இட்லி மாவைப் பொங்கவைப்பதிலும், பழைய சோற்றுக்குப் புளிப்பு தருவதிலும் இந்தக் கூட்டத்துக்குப் பங்கு உண்டு. உப்பு மற்றக் கிருமிகளை அடக்கி இவற்றுக்கு இடம் தருகிறது. இவை உண்டாக்கும் அமிலம் மிச்சக் காவலைப் பார்த்துக்கொள்கிறது. உப்பு குறைந்தால் கெடும். காற்று பட விட்டால் பூசணம் பிடிக்கும். ஈரக் கரண்டி போட்டால் கெடும். சரியாக வந்ததா என்று பார்க்க பிஹெச் தாள் இருக்கிறது. அளவு 4-க்குக் கீழே இருந்தால் நிம்மதி. 4.6-க்கு மேலே இருந்தால் விற்கவும் கூடாது, சாப்பிடவும் கூடாது. அந்தத் தாளில் சாதிக்கு ஒரு நிறம் கிடையாது.

ஆனால் ஜாடிக்குத் தெரியாத சாதி கடைக்காரருக்குத் தெரிகிறது.

நான் களப்பணி செய்யும் பகுதியில் ஒரு மகளிர் சுயஉதவிக் குழு இந்த சாஸைச் செய்தது. குழுவில் பெரும்பாலோர் அடுத்தவர் காட்டில் மிளகாய்ப்பழம் பறித்துக் கை எரிந்தவர்கள். பயிற்சி எடுத்தார்கள், தராசு வாங்கினார்கள், பிஹெச் தாள் வாங்கினார்கள், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்தார்கள். முதல் நாற்பது பாட்டிலோடு பக்கத்து ஊர்க் கடைகளில் ஏறி இறங்கினார்கள். ஒரு கடைக்காரர் விரலில் தொட்டு ருசி பார்த்து, "நல்லா இருக்கே" என்றார். பிறகு பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். "நீங்க எந்தத் தெரும்மா?" என்று கேட்டார். பதிலைக் கேட்டுக்கொண்டு, "அடுத்த மாசம் பாப்போம்மா" என்றார். ஏற்கெனவே நாக்கில் வைத்தாகிவிட்டது. நாக்கு ஏற்றுக்கொண்டதை முகவரி திருப்பி அனுப்பியது.

உணவுப் பொருளின் லேபிளில் தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நியாயமான சட்டம்தான். ஆனால் ஊரும் சேரியுமாகப் பிரிந்து கிடக்கும் நாட்டில் முகவரிதான் சாதிச் சான்றிதழ். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் சொல் போனாலும் தெரு அங்கேயேதான் இருக்கிறது, அந்தத் தெருவைத் தெரிந்து வைத்திருக்கும் கடையும் அங்கேயேதான் இருக்கிறது.

இதை ஒரு கடைக்காரரின் குணமாகச் சுருக்கிவிடாதீர்கள். 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியர் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதிப் பெற்றோர் திரண்டு நின்றார்கள். அவரை இடமாற்றம் செய்தார்கள், எதிர்ப்பு கிளம்பிய பிறகே அந்த உத்தரவு ரத்தானது. 2023-இல் தூத்துக்குடி மாவட்டம் உசிலம்பட்டியில் தலித் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் தொடவில்லை. அமைச்சரும் எம்பியும் போய் உடன் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது எந்தப் பாடப் புத்தகமும் இல்லை.

இதில் ஒரு சூழ்ச்சி இருக்கிறது, கவனியுங்கள். அதே வீடுகளில் கொதிக்கும் குழம்பில் இருக்கும் மிளகாயை நட்டது யார், பறித்தது யார், களத்தில் காயவைத்தது யார்? பெருமளவு நம் பெண்கள். அந்தக் கை பட்ட மிளகாய் பொடியாகி, இன்னொருவர் பெயர் அச்சிட்ட பாக்கெட்டுக்குள் போனதும் தீட்டு காணாமல் போய்விடுகிறது. கூலிக்கு உழைக்கும்போது அந்தக் கை யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. தன் பெயரில் ஒரு பாட்டிலை நீட்டும்போது மட்டும் தெரிகிறது. ஆக, தீட்டு என்பது தொடுவதைப் பற்றியது மட்டுமல்ல. யார் முதலாளியாகலாம், யார் ஆகக் கூடாது என்பதைப் பற்றியது.

உலகம் முழுக்கப் பெயர்பெற்ற டபாஸ்கோ சாஸும் புளிக்கவைத்த மிளகாய்தான். அரைத்த மிளகாயை உப்போடு ஓக் பீப்பாய்களில் மூன்று ஆண்டுகள் வரை வைக்கிறார்கள். அமெரிக்காவின் லூசியானாவில் ஏவரி தீவில் எட்மண்ட் மெக்கிலென்னி 1868-இல் இதைத் தொடங்கினார். அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்து அப்போது மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. அதுவரை அந்தத் தீவு, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள் உழைத்த கரும்புத் தோட்டம். பாட்டிலில் முதலாளி குடும்பத்தின் பெயர் இருக்கிறது. அந்த மண்ணைப் பண்படுத்தியவர்களின் பெயர் இல்லை. ஒடுக்குமுறையின் முறைகள் நாட்டுக்கு நாடு மாறும், லேபிளில் யார் பெயர் விடுபடும் என்பது மட்டும் மாறுவதில்லை.

"சாப்பாட்டில் எதற்குச் சாதியைக் கொண்டுவருகிறீர்கள்?" என்று சிலர் கேட்பார்கள். அதை நாங்கள் கொண்டுவரவில்லை. ஐயர் மெஸ், ஐயங்கார் பேக்கரி, கோனார் கடை என்று பலகை மாட்டியபோது யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்டவர் பெரியார். சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதை எதிர்த்தவர், 1957-இல் சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபேயில் 'பிராமணாள்' பலகையை அகற்றப் போராட்டம் நடத்தியவர். இன்றும் சில சாதிப் பெயர்கள் சுவைக்கும் சுத்தத்துக்கும் முத்திரையாக விற்பனையாகின்றன. 'பறையர் ஊறுகாய்', 'சக்கிலியர் சாஸ்' என்று பலகை வைத்தால் வாங்குவீர்களா? இந்த இடத்தில் வரும் மௌனம்தான் எங்கள் கேள்விக்கான பதில்.

அந்தக் குழுவுக்கு நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை வந்தது: டவுனில் தெரிந்தவர் முகவரியைப் போடுங்கள், பெயரைப் பொதுவாக வையுங்கள், விற்றுவிடும். பிழைப்புக்காக அப்படிச் செய்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வயிற்றுப்பாட்டின் முன்னால் நின்று வீரம் பேசுவது எனக்கு எளிது. ஆனால் ஒளிந்துகொள்ளும் பாரத்தை நம் பெண்களின் தலையில் ஏற்றுவது தீர்வாகாது. 2016-இல் சிந்தனையாளர் சந்திர பான் பிரசாத் 'தலித் ஃபுட்ஸ்' என்று வெளிப்படையாகப் பெயர் வைத்து ஊறுகாயும் மசாலாவும் விற்க வந்தார். அவருடைய பொருளாதாரப் பார்வையில் எனக்கு உடன்பாடில்லாத இடங்கள் உண்டு. வணிகம் மட்டுமே சாதியை ஒழித்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் அந்தப் பெயர் வாங்குபவரை நேருக்கு நேர் நிறுத்தியது. ஒளிய வேண்டியது யார் என்று கேட்டது.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி போகாது என்று 1936-இலேயே 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் எழுதிவிட்டார். எனவே ஒரு பாட்டில் சாஸ் வாங்கியதற்காக யாரும் தங்கள் முதுகைத் தட்டிக்கொள்ள வேண்டாம். பொருளாதாரப் புறக்கணிப்பு குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆனால் "அடுத்த மாசம் பாப்போம்மா" என்பவர் மீது எந்தக் காவல் நிலையத்தில் புகார் கொடுப்பது? சிரித்துக்கொண்டே செய்யப்படும் புறக்கணிப்புக்கு சாட்சி கிடையாது.

அதனால் கடைக்காரரின் மனமாற்றத்துக்காகக் காத்திருக்க முடியாது. அரசு வாங்கட்டும். விடுதிகள், கூட்டுறவு அங்காடிகள், சுயஉதவிக் குழுக்களுக்கான மதி அங்காடிகள் என அரசின் கையில் அலமாரிகள் இருக்கின்றன. அவற்றில் தலித் பெண்கள் குழுக்களின் உணவுப் பொருட்களுக்கு உறுதியான இடம் வேண்டும். ஆண்டுக்கொருமுறை கண்காட்சியில் கைத்தறிப் பையோடு நிற்கவைத்துப் படம் எடுத்தால் போதாது. மாதாமாதம் கொள்முதல் உத்தரவு வேண்டும். தரச் சோதனையைக் கடுமையாக வையுங்கள், நாங்கள் அஞ்சவில்லை. உப்பின் அளவைக் கேளுங்கள், பிஹெச் தாளைக் காட்டச் சொல்லுங்கள், தயாரித்த தேதியைப் பாருங்கள். ஒரு பாட்டிலிடம் கேட்க நியாயமான கேள்விகள் இவைதான். எந்தத் தெரு என்பது அவற்றில் ஒன்றல்ல.