என் கையெழுத்துக்கு ஒரு சான்றிதழ்

முதல் செமஸ்டர் மேத்ஸ்ல எனக்கு அரியர். பாடம் தெரியாம இல்ல. மூணாவது 13 மார்க் கேள்வியில இருக்கும்போதே பெல் அடிச்சிடுச்சு.

எனக்கு டிஸ்கிராஃபியா. யோசிக்கிற வேகத்துக்குக் கை வராது. வேகமா எழுதினா, எழுதினது எனக்கே புரியாது. பத்தாவது போர்டு எக்ஸாம்ல ஒரு மணி நேரம் கூடுதலா கொடுத்தாங்க. காலேஜ்ல நான் கேட்கவே இல்ல. கேட்டா என்ன நினைப்பாங்களோன்னு கூச்சம். அந்தக் கூச்சத்தோட விலை ஒரு அரியர்.

அடுத்த செமஸ்டர் கேட்டேன். ஆபீஸ்ல, "எக்ஸாம் செல்லைக் கேளு" என்றார்கள். எக்ஸாம் செல்ல, "எச்.ஓ.டி. ஃபார்வர்ட் பண்ணணும்" என்றார்கள். எச்.ஓ.டி., "இது ஸ்கூல் டைம்ல வாங்கினது, புதுசா வேணும்" என்றார்.

அவர் சொன்னது நியாயம்தான். கற்றல் குறைபாட்டுக்கு 8, 14, 18 வயதில் பரிசோதிக்க வேண்டும், 18-ல் தரும் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும் என்று 2018-ல் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னது. 18 என்பது நாம காலேஜ் சேர்ற வயசு. அட்மிஷன் அன்னைக்கு யாராவது இதை ஒரு வரி சொல்லியிருந்தா, நான் லேப் இன்டர்னலை விட்டுட்டு, அம்மா லீவு போட்டுட்டு, மூணு தடவை ஜி.ஹெச். வரிசையில நின்னிருக்க வேண்டாம்.

சரி, சான்றிதழ் வந்தாச்சு, முடிஞ்சதுன்னு நினைச்சீங்களா? அடுத்த செமஸ்டர் அதே லெட்டர், அதே ஜெராக்ஸ், அதே கையெழுத்துகள். ஹால்ல ஒரு சூப்பர்வைசர் எல்லார் முன்னாடியும் கேட்டார்: "நல்லாத்தானே இருக்க, உனக்கு என்ன?" அந்த நிமிஷம் கூடுதல் நேரமே வேண்டாம்னு தோணுச்சு.

என் நண்பன் ஒருத்தன் சொல்வான்: "ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா கொடுத்தா நானும்தான் சென்டம் வாங்குவேன்." உங்களுக்கும் தோணலாம். ஆனா தெரியாத ஃபார்முலா ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தா வந்துடுமா? தெரிஞ்சதை எழுதி முடிக்கத்தான் அந்த நேரம். ஏமாத்துறவங்க இருக்கலாம், அதனால ஆதாரம் கேட்கட்டும். ஒரு தடவை கேட்கட்டும். சரிபார்த்த பிறகும் ஒவ்வொரு தேர்வுக்கும் கேட்டால், அதற்குப் பெயர் சந்தேகம்.

இது யாரும் போடுற பிச்சை இல்ல. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 கூடுதல் நேரத்தையும் ஸ்க்ரைபையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகள் இருந்தன. இதில் 21. கற்றல் குறைபாடும் அதில் ஒன்று. 40 சதவீதம் இல்லைன்னா ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்வாங்க. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பிரச்சினை இருந்த விகாஷ் குமார் என்ற எம்.பி.பி.எஸ். பட்டதாரிக்கு யூ.பி.எஸ்.சி. இதே காரணம் சொல்லித்தான் ஸ்க்ரைப் மறுத்தது. ஸ்க்ரைப் பெற அந்த அளவுகோல் கட்டாயமில்லை என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காலேஜுக்கு நான் கேட்பது மூணுதான். அட்மிஷன் ஃபார்ம்லயே "தேர்வில் உதவி தேவையா?" என்று ஒரு கேள்வி. நாலு வருஷத்துக்கும் ஒரே ஃபைல், அதைப் பார்க்க ஒரே ஆள். சூப்பர்வைசர் கையில் "இந்த ரிஜிஸ்டர் நம்பருக்கு ஒரு மணி நேரம் கூடுதல்" என்ற ஒரு வரி மட்டும். எனக்கு என்ன பிரச்சினைன்னு அவருக்குத் தெரிய வேண்டியதில்ல.

ஜூனியர்ஸ், உங்களுக்கு ஒண்ணு. காது, கண், கை, மனசு, எதுல பிரச்சினையா இருந்தாலும் ஃபர்ஸ்ட் இயர்லயே ஆரம்பிங்க. சான்றிதழ் வர மாசக்கணக்காகும், ஹால் டிக்கெட் அதுவரை காத்திருக்காது. வாயால கேட்காதீங்க, லெட்டராக் கொடுத்து காப்பியில சீல் வாங்கிக்கோங்க.

அந்த மேத்ஸ் அரியரை நான் கூடுதல் நேரத்தோட எழுதித்தான் கிளியர் பண்ணேன். அன்னைக்கு அஞ்சு 13 மார்க் கேள்வியையும் முடிச்சுட்டு, பேனாவை மூடி வச்சப்போ இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் இருந்துச்சு.