வானம் வெளுத்தால் என்ன?

சென்ற கோடையில் ஒரு நகரத்துப் புகைப்படக் கழகம் நடத்திய நிலக்காட்சிக் கண்காட்சிக்கு நண்பர்கள் மூவரும் சேர்ந்து ஆறு படங்கள் அனுப்பினோம். ஆறும் திரும்பி வந்தன. திரும்பி வருவது எங்களுக்குப் புதிதல்ல. சிறுபத்திரிகைக்கு எழுதிப் பழகியவர்களுக்கு அந்தத் தோல் தடித்துத்தான் இருக்கும். ஆனால் உடன் வந்த குறிப்பைச் சும்மா விட மனம் வரவில்லை. வானத்தில் விவரமே இல்லை, தரை அளவுக்கு மீறிக் கருத்திருக்கிறது, ஆகவே நீங்கள் தேர்ந்துகொண்ட பிலிமே தவறு என்பது அதன் சாரம். முதலிரண்டும் உண்மை. அவற்றிலிருந்து மூன்றாவதற்குத் தாவிய தாவல்தான் இக்கட்டுரைக்குக் காரணம்.

படங்கள் திருச்செந்தூர் வட்டாரத்துக் குதிரைமொழித் தேரியில், சித்திரை மாத நண்பகலில் எடுக்கப்பட்டவை. தேரியைப் பார்த்திராத வாசகருக்கு ஒரு வார்த்தை: கடலுக்கு இவ்வளவு அருகில் இப்படி ஒரு மணல் இருக்கும் என்று நேரில் காணும்வரை நம்ப முடியாது. இரும்புத் துரு ஏறிச் சிவந்த மணல், மேடும் பள்ளமுமாக விரிந்து கிடக்கும். ஊடே பனை, கொல்லாமரம், உடைமரம். கற்கால மனிதர்கள் விட்டுச்சென்ற நுண்கற்கருவிகள் இத்தகைய தேரிகளில் கிடைத்திருக்கின்றன. நண்பகலில் அங்கே வானம் நீலமாக இருப்பதில்லை. கண்ணைக் கூசவைக்கும் ஒரு வெளுப்பு, அவ்வளவுதான். அண்ணாந்து பார்க்கிறவர் எவரும் இல்லை, பார்க்கவும் முடியாது.

நாங்கள் பயன்படுத்தியது இல்ஃபோர்ட் நிறுவனத்தின் ஆர்த்தோ பிளஸ். வெகுகாலம் தகடளவில் மட்டுமே கிடைத்துவந்த இந்தப் பிலிம், 2019இல்தான் சிறிய கேமராக்களுக்கான சுருள்களாகவும் வந்தது. ஆர்த்தோகுரோமாடிக் பிலிம் நீலத்தையும் பச்சையையும் காணும்; சிவப்பைக் காணாது. சிவந்தது எதுவும் அதற்கு இருட்டு. ஆகவே தேரி கருக்கிறது, வானம் வெளுக்கிறது. கழகத்தார் கண்ட இரண்டு குற்றங்களும் இந்த ஒரே குணத்தின் இரண்டு முகங்கள்.

இந்தக் குணத்துக்கு வைக்கப்பட்ட பெயர்தான் வேடிக்கை. ஆர்த்தோ என்ற கிரேக்கச் சொல்லுக்குச் 'சரியான' என்று பொருள். அதற்கு முந்தைய தகடுகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே அறிந்தவை; பச்சை இலையும் கரி, மஞ்சள் பூவும் கரி. 1858இல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியின் காகித நெகடிவ்களும் அந்த வகையே. வானம் வெறுமையாய் விழுவதைப் பொறுக்காமல் அவர் சில நெகடிவ்களின் மீது தூரிகையால் மேகம் தீட்டினார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே, 1850களின் நடுவில், கடலை ஒரு நெகடிவிலும் வானத்தை இன்னொன்றிலும் எடுத்து ஒட்டினார். 1873இல் பெர்லினில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், தகட்டுப் பூச்சில் ஒரு சாயத்தைக் கலந்தால் அது பச்சையையும் உணரத் தொடங்குவதைக் கண்டறிந்தார். அன்று அது பெரும் விடுதலை. நிறங்கள் கடைசியில் 'சரியாக' விழுகின்றன என்று மகிழ்ந்து அந்தப் பெயரை இட்டார்கள். 1906இல் இங்கிலாந்தின் ரேட்டன் அண்டு வெயின்ரைட் நிறுவனம் எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாடிக் தகட்டை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, நேற்றைய சரி இன்றைய தவறாயிற்று. இலக்கணம் நடத்துகிற எங்களுக்கு இது பழக்கமான கதைதான். ஒரு காலத்து வழக்கு அடுத்த காலத்து வழுவாவதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சரி, பான்குரோமாடிக் எல்லாவற்றையும் காண்கிறதே, அதுதானே உண்மைக்கு அருகில் என்று கேட்கலாம். கழகத்தார் விரும்பும் படங்களைப் பாருங்கள். கருத்த வானம், அதில் வெண்பஞ்சு மேகம், கீழே ஒளிரும் பாறை. இந்த வானத்தின் ஊர் எது? 1927 ஏப்ரலில் கலிபோர்னியாவின் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில், ஹாஃப் டோம் என்னும் பாறையின் முகத்தை ஆன்செல் ஆடம்ஸ் எடுத்தார். முதலில் மஞ்சள் ஃபில்டர் இட்டு ஒரு தகடு. மனம் நிறையவில்லை. அடர் சிவப்பு ஃபில்டரை மாட்டி மறு தகட்டை எடுத்தார். வானம் ஏறத்தாழக் கறுப்பாகிவிட்டது. அந்தப் படம் மகத்தானது. அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் சிவப்பு ஃபில்டர் என்ன செய்கிறது? நீலத்தையும் பச்சையையும் தடுத்து, சிவப்பை மட்டும் உள்ளே விடுகிறது. ஆர்த்தோ சிவப்பை விலக்குகிறது. ஆடம்ஸ் நீலத்தை விலக்கினார். இரண்டும் விலக்கல்களே. ஒன்று உண்மை, மற்றது ஊனம் என்று தீர்ப்பளிக்க யாருக்கும் ஆதாரமில்லை. ஆடம்ஸே தம் கண் கண்ட வானத்தை எடுத்ததாகச் சொல்லிக்கொண்டவரல்லர். அப்பாறையின் முன் தம் மனம் உணர்ந்ததை எடுத்ததாகத்தான் சொன்னார். சீடர்கள்தாம் அதை விதியாக்கினார்கள்.

அந்த விதியைத் தேரிக்குப் பொருத்திப் பார்த்தோம். அதே இடத்தில், அதே நண்பகலில், பான்குரோமாடிக் பிலிமில் சிவப்பு ஃபில்டர் இட்டு ஒரு சுருள் எடுத்தோம். சிவந்த மணல் சிவப்பொளியைத்தானே திருப்பி அனுப்புகிறது? ஆகவே தேரி முழுவதும் வெளுத்து விழுந்தது. பிரிண்ட்டைப் பார்த்த மாணவர் ஒருவர், மெரினாவில் இத்தனை பனைகள் எப்போது வந்தன என்று கேட்டார். ஃபில்டர் இல்லாமல் எடுத்ததும் பெரிதாக உதவவில்லை. மணல் ஒரு நடுச்சாம்பல், இலையும் ஏறக்குறைய அதே சாம்பல். தேரியைத் தேரியாக்குவது அதன் சிவப்பு. கறுப்பு வெள்ளையில் சிவப்பைச் சிவப்பாகக் காட்ட முடியாது; வேறொன்றாகக் காட்டலாம், அல்லது தொலைத்துவிடலாம். ஆர்த்தோவில் அது கருமையாகவேனும் எஞ்சுகிறது. தேரி மணலையும் சற்றுத் தள்ளி மணப்பாட்டுக் கரையின் வெண்மணலையும் இந்தப் பிலிமில் அடுத்தடுத்து வைத்தால், இரண்டும் வேறு நிலம் என்று குழந்தைக்கும் தெரியும். மழைநீர் கலந்த செம்மண்ணின் பெயராலேயே ஒரு புலவரை அழைத்துவரும் மொழி நம்முடையது. மண்ணின் நிறம் தொலைவதைச் சிறு இழப்பு என்று எங்களால் சொல்ல முடியவில்லை.

கண் அப்படிக் காண்பதில்லையே என்ற மறுப்பும் வந்தது. நண்பகலில் காண்பதில்லை, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் உங்கள் வீட்டுச் செம்பருத்தியை அந்தி முற்றும்வரை பார்த்துக்கொண்டிருங்கள். விளக்கேற்றாதீர்கள். இலை சாம்பலாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே பூ கறுத்துவிடும். மங்கிய ஒளியில் நமது விழித்திரை சிவப்பைக் கைவிட்டு நீலப் பச்சைப் பக்கம் சாய்கிறது. பர்க்கின்யே என்ற செக் அறிஞர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இதைக் குறித்துவைத்தார். நாள்தோறும் அரைமணி நேரம் நாம் எல்லோரும் ஆர்த்தோகுரோமாடிக் கண்ணோடுதான் நடமாடுகிறோம்.

வானத்துக்கு வருவோம். நீல ஒளிதான் காற்றில் அதிகமாகச் சிதறுகிறது. தூரத்து மலையின் மீது படியும் மங்கல் அந்தச் சிதறலே. சிவப்பு ஃபில்டர் அம்மங்கலைக் கிழித்து மலையை அருகே இழுத்துவந்து நிறுத்தும். ஆர்த்தோ அதைத் திரட்டிக் காட்டும். தென்காசிப் பக்கத்து வயல்வெளியில் நின்று மேற்கே எடுத்த எங்கள் படமொன்றில், முன்னுள்ள குன்று கருமை, அதன் பின்னது சாம்பல், அதற்கும் பின்னது புகை, கடைசி மலை இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாது. தூரம் என்பது அங்கே ஒரு பொருளாகவே நிற்கிறது. கூர்மை போதவில்லை என்று இதற்கும் மதிப்பெண் குறைப்பார்கள். இன்னொன்றும் உண்டு. நிழலில் விழும் ஒளி பெரும்பாலும் வானத்தின் நீல ஒளி. அதனால் ஆர்த்தோவில் மரத்தடி நிழல் அடைந்துபோகாமல் திறந்து கிடக்கிறது. வெயில் நாட்டில் வாழ்கிறவனுக்கு நிழல்தானே வீடு? ஆடம்ஸின் வழியில் எடுத்தால் அந்த வீடு ஒரு கருந்துளை.

இவ்வளவு பரிந்து பேசும் நாங்கள் ஓர் இடத்தில் தலைகுனியத்தான் வேண்டும். எங்கள் படங்களில் பனையேறி ஒருவர் நின்றிருந்தார். அவர் அனுமதியோடு எடுத்த படம்தான். கழுவிப் பார்த்தபோது அவர் முகத்தில் மூக்கும் இல்லை, கண்ணும் இல்லை; தேரியோடு தேரியாக ஒரு கருநிழல். நம் தோலின் பழுப்பில் சிவப்புக் கூறு மிகுதி; இந்தப் பிலிம் அதைத் தின்றுவிடுகிறது. அதை அழகிய உருவகமாக்கி, மண்ணும் மனிதனும் ஒன்று என்று தலைப்பிட எங்களில் ஒருவருக்கு ஆசை வந்தது. மற்ற இருவரும் மறுத்தோம். உழைக்கிறவரின் முகத்தை அழித்துவிட்டு அதற்குக் கவித்துவப் பெயர் சூட்டுவது அயோக்கியத்தனம். அவருக்குச் சாதாரணப் பான்குரோமாடிக்கில் வேறொரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தோம். கண்காட்சிக்கு அனுப்பிய ஆறில் மனிதர் எவரும் இல்லை. கழகத்தார் இந்தக் குற்றத்தைச் சுட்டியிருந்தால் வாய்மூடி ஏற்றிருப்போம். அவர்கள் வானத்தைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் நிற்பதாகச் சொல்லிக்கொள்ளும் சிலரிடமும் எங்களுக்கு உடன்பாடில்லை. தாத்தா காலத்து வாடை அடிக்கிறது என்பதற்காக ஆர்த்தோவைப் புகழ்கிறவர்கள் அவர்கள். செல்பேசிப் படத்தில் சிவப்பைக் குறைத்து, ஓரங்களில் கறை பூசி, பழமை என்கிறார்கள். பழமை வேண்டுமென்றால் பழைய ஆல்பத்தைப் புரட்டலாமே. நாங்கள் தேரிக்குப் போனது தாத்தாவைத் தேடி அல்ல.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்காகச் சில அனுபவங்கள். இதன் வேகம் பகல் ஒளியில் 80. மஞ்சள் விளக்கொளியில் 40 என்று தயாரிப்பாளரே சொல்கிறார். மாலை வெயில் சிவக்கச் சிவக்கப் பிலிம் குருடாகிக்கொண்டே போகும். மீட்டர் அதை அறியாது. எனவே அந்தியில் ஒரு மடங்கோ அதற்கு மேலோ கூடுதல் ஒளி கொடுங்கள். சிவப்பு ஃபில்டரைத் தொடாதீர்கள், ஒன்றுமே பதியாது. பெரிய அனுகூலம் இருட்டறையில்: அடர் சிவப்பு விளக்கின் கீழ் இதைக் கழுவலாம். பான்குரோமாடிக்கை முழு இருளில்தான் கையாள வேண்டும். குளியலறைக் கதவிடுக்கில் துணி திணித்து, டெவலப்பர்த் தட்டில் ஒரு தகடளவுப் பிலிமை அமிழ்த்தி, வானம் முதலில் கறுத்து எழுவதை (நெகடிவில் அல்லவா!) மூன்று பேரும் தலை முட்டப் பார்த்திருக்கிறோம். போதும் என்று எடுக்கும் கணம் நம் கையில். அந்த ஒரு வசதிக்காகவே இதை மாணவர்களுக்குக் கற்பிக்கலாம்.

ஆடி பிறந்துவிட்டால் தேரியில் மேல்காற்று வீசும். மணல் பறந்து மேடுகள் இடம் மாறும். நெகடிவ்களைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். அதே கழகம் அடுத்த கண்காட்சிக்கு அழைப்பு விட்டிருக்கிறது. அதே ஆறு படங்களையும் மறுபடி அனுப்பப் போகிறோம், மேகம் தீட்டாமல்.