உபாத்தியாயர் பயிற்சியும் மாணவர் முறையீடும்

உபாத்தியாயராக விரும்பிப் பயிற்சிக் கலாசாலைகளில் சேரும் வாலிபர்களும் யுவதிகளும் அங்கே தமக்குக் கிடைக்கும் போதனையைப் பற்றிக் கூறும் குறை புதிதல்ல. கலாசாலையில் சொல்லப்படுவது ஒன்று, பள்ளிக்கூடத்தில் எதிர்ப்படுவது வேறொன்று என்பதே அதன் சாரம். இதை உழைப்புக்கு அஞ்சுவோரின் முணுமுணுப்பென்று தள்ளிவிடுவது எளிது, நியாயமாகாது.

நுண்ணிலைக் கற்பித்தல் என்றொரு பயிற்சி உண்டு. உடன்பயிலும் நண்பர் சிலரைப் பிள்ளைகளாகப் பாவித்து ஐந்தாறு நிமிஷம் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஒரு திறமையைத் தனியே பழகுவதற்கு இது உதவும். ஆனால் நாற்பது பிள்ளைகளின் நடுவே, பசியோடு வந்த பிள்ளையையும் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளையையும் வைத்துப் பாடம் நடத்த இது எவ்வாறு போதும்? பதிவேடுகளை நிரப்புவதில் இரவுகள் கழிகின்றன. அருகிலிருந்து, "இங்கே தவறினாய், இவ்வாறு செய்" என்று சொல்லும் ஆசான் அகப்படுவதுதான் அரிதாயிருக்கிறது.

மாணவர் சொல்லும் இதே குறையைப் பெரியோர்களும் கண்டிருக்கிறார்கள். பயிற்சிக் கலாசாலைகள் சர்வகலாசாலையின் அறிவு வாழ்க்கையினின்றும் பள்ளிக்கூடங்களின் அன்றாட வேலையினின்றும் ஒதுங்கி நிற்கின்றன என்று 1966-லேயே கோத்தாரி கமிஷன் எடுத்துக் காட்டிற்று. ஸுப்ரீம் கோர்ட்டு நியமித்த வர்மா கமிஷன் 2012-ல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. தனித்து நிற்கும் பயிற்சி ஸ்தாபனங்கள் 10,000-க்கு மேற்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று, அக்கமிஷனை ஆதாரமாகக் கொண்டு 2020-ம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையே ஒப்புக்கொள்கிறது. ஸர்க்காரே இவ்வாறு சொல்லிய பிறகு மாணவரைக் குறை கூற யாருக்கு வாயுண்டு?

பரிகாரமாக 2014-ம் வருஷத்து விதிகள் பி.எட். படிப்பை இரண்டு வருஷமாக்கி, பள்ளிப் பயிற்சிக்கு 20 வாரம் ஒதுக்கின. நோக்கம் நல்லதே. ஆயினும் காலம் இரட்டித்தால் தரமும் இரட்டிக்குமா? வராத உபாத்தியாயரின் வகுப்பைக் காக்கும் ஆளாக மாணவரை வைத்துக்கொண்டால் 20 வாரமும் வீண்தான்.

தமிழ்நாட்டில் 2012-ல் நடந்த முதல் உபாத்தியாயர் தகுதிப் பரீக்ஷையில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தேறாதவரை எல்லோரும் ஏசினார்கள். பரீக்ஷை மிகக் கடினமென்று சிலர் சொன்னார்கள். அவர்களுக்குப் பட்டமளித்து அனுப்பிய கலாசாலைகளை நோக்கி ஏன் அதே கேள்வி எழவில்லை?

நமது யோசனை இது. பயிற்சி முடியும் தறுவாயில் ஒரு முறையும், பள்ளியில் ஒரு வருஷம் வேலை பார்த்தபின் மறுமுறையும், பெயர் வெளிப்படாதவாறு மாணவரின் அபிப்பிராயத்தைக் கேட்க வேண்டும். கலாசாலைவாரியாக முடிவுகளைப் பகிரங்கப்படுத்த வேண்டும். அங்கீகாரம் புதுப்பிக்கும்போது கட்டிடத்தையும் ஏட்டையும் மட்டும் பாராமல் இதையும் பார்க்க வேண்டும். கற்பவனுக்குக் கற்பித்தலின் தரம் என்ன தெரியும் என்று சிலர் ஆக்ஷேபிக்கலாம். முதல் பதில் பக்குவமற்றதாகவே இருக்கட்டும். ஒரு வருஷம் பிள்ளைகளின் முன் நின்றவனுடைய பதிலை அவ்விதம் ஒதுக்க முடியாது.

2030-க்குள் நான்கு வருஷப் பட்டமே உபாத்தியாயருக்குக் குறைந்தபட்ச யோக்யதையாகும் என்கிறது அக்கொள்கை. பழைய பிழைகளை நான்கு வருஷத்துக்கு நீட்டுவதா, களைவதா என்பதை இப்பொழுதே தீர்மானிக்க வேண்டும். அரைகுறைப் பயிற்சியின் நஷ்டம் அந்த வாலிபரோடு நிற்பதில்லை. கல்விக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு கதியில்லாத ஏழைப் பிள்ளையின் தலையிலேயே அது விடிகிறது.