விதி இல்லை, வார்

மோட்டார்சைக்கிளில் ஒரு பெடியன் செத்தால் எங்கட ஊரில இரண்டு கதைதான்: ஒன்று "ஓடின ஓட்டம் அப்பிடி", இல்லாட்டி "விதி". இரண்டையும் நாங்கள் ஏற்கமாட்டோம்.

ஹரி ஹேர்ட் லொஸ் ஏஞ்சல்ஸில் செய்த ஆய்வு 1981இல் வெளிவந்தது. இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வாகனம் மோட்டார்சைக்கிளுக்கு வழிவிடாததால் நடந்தவை. எங்கட ஒழுங்கைகளுக்குள்ளால பாக்காமல் ஏறுற வானையும், சிக்னல் போடாமல் திரும்புற ஓட்டோவையும் ஏன் ஒருத்தரும் ஏசுறேல்ல?

விழுந்தால் பெரும்பாலும் முறியிறது கால். ஆனால் உயிரை எடுக்கிறது தலைக்காயம். சரியாக அணிந்த ஹெல்மெட் தலைக்காய ஆபத்தை ஏறக்குறைய 70 சதவீதமும், சாகும் ஆபத்தை 40 சதவீதமும் குறைக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். "சரியாக" என்றால் வார் பூட்டி. பொலிசுக்குக் காட்டத் தலையில கவிழ்த்த ஹெல்மெட், தலை றோட்டில அடிபட முதலே கழன்று போயிடும். ஸ்கூட்டியில முன்னுக்கு நிக்கிற பிள்ளைக்கு அதுவும் இல்லை.

கண்ணீர் அஞ்சலி பனருக்குக் காசு சேர்க்கிறதில எங்கட சனம் கெட்டிக்காரர். அந்தக் காசை முதலே சேருங்கோ. பிள்ளையின்ர தலைக்கு அளவான ஹெல்மெட் வாங்குங்கோ. வாரையும் பூட்டிவிடுங்கோ.